நீங்கள் யார் பக்கத்து ஆள்?

என் முதல் இணையதளத்தின் முகப்பில் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருந்தது. இருபது மாடி. அதன் முன்னால் கோட்டு போட்ட நான்கு பேர் கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த உயரமான கட்டடம் குடிநீர்த் தொட்டிதான். என் அலுவலகம் என்பது வீட்டு முன்னறையில் மாமியாரின் தையல் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் இடையே போட்ட ஒரு மேசை. மழை பெய்தால் அதைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் போட வேண்டும்.

தளத்தைச் செய்து கொடுத்தவன் அக்காள் மகன். "பார்க்கிறவர்களுக்கு ஒரு மதிப்பு வர வேண்டாமா, சித்தி?" என்றான். 'உலகத் தரம்', 'அனுபவமிக்க குழு', '100 சதவீத உத்தரவாதம்' என்றெல்லாம் அவனே எழுதிப் போட்டான். குழு என்பது நான் ஒருத்தி. அனுபவம் மட்டும் பொய்யில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். மே மாதம் தொடங்கிவிட்டால் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஜூலை முடியும்வரை இரவு பகல் தெரியாது. 2018இல் வேலையை விட்டேன். ஊறுகாய் போடுகிறவர்கள், சத்துமாவு அரைக்கிறவர்கள், புளியைக் கொட்டை நீக்கிப் பாக்கெட் போடுகிறவர்கள் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் தெருவுக்கு ஓர் உணவுத் தொழில் நடக்கிறது. உரிமம் எடுப்பது, லேபிளில் என்ன எழுதுவது, எந்தப் பரிசோதனை செய்வது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது, இவற்றில் அவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில்.

முகநூல் விளம்பரத்துக்கு மூன்று மாதத்தில் பத்தொன்பதாயிரம் ரூபாய் போனது. அழைப்புகள் வராமல் இல்லை. "எவ்வளவு ஆகும்?" என்பார்கள். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்பேன். வைத்துவிடுவார்கள். ஒருவர்கூட வாடிக்கையாளராகவில்லை. படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் இந்த ஊரில் மதிப்பில்லை என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

2021 ஆவணியில் காரிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். மாங்காய், எலுமிச்சை, பூண்டு ஊறுகாய் போடுகிறவர். தொலைபேசியில் பேசாமல் நேராக பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பாட்டில் ஊறுகாய். என் மேசையையும் அரிசி மூட்டையையும் ஒரு முறை பார்த்தார். இணையதளத்தில் பார்த்த கட்டடத்தைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது, காதெல்லாம் சூடானது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் யார் பக்கத்து ஆள்?"

எனக்குப் புரியவில்லை. கட்சியைக் கேட்கிறாரா, சாதியைக் கேட்கிறாரா என்றுகூட மனம் ஓடியது. அவர் கேட்டது அதையெல்லாம் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் பார்த்து ஓர் ஆலோசகரைப் பிடித்திருக்கிறார். பெரிய நகரத்துக்காரர், பளபளப்பான தளம், ஆங்கிலத்தில் அறிக்கை. அவர் பேச்சைக் கேட்டு நான்கரை லட்ச ரூபாய்க்குத் தானியங்கி பவுச் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். விழுதாக அரைத்த பொருளுக்கு ஏற்ற மெஷின் அது. எண்ணெயில் மிதக்கும் மாங்காய்த் துண்டுகள் அதன் குழாயில் அடைத்துக்கொண்டன. ஒரு நாளைக்கு அறுபது கிலோ ஊறுகாய் போடுகிறவருக்கு அது எதற்கு என்று எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் கேட்கும். பழுது பார்க்க வந்த மெக்கானிக்தான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், விற்ற ஒவ்வொரு மெஷினுக்கும் ஆலோசகருக்குப் பங்கு போகிறது என்று. மெஷின் இப்போது தார்ப்பாய் போர்த்திக் கொட்டகையில் நிற்கிறது. "கோழி அதற்கு அடியில் முட்டை வைக்கிறது. அந்த அளவுக்கு உபயோகம்" என்றார்.

இந்தப் பக்கத்து மக்களின் சந்தேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2012 வாக்கில் ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று மேற்கு மாவட்டங்களில் விளம்பரம் வராத பத்திரிகை இல்லை. எங்கள் உறவில் ஒருவர் நகையை விற்றுக் கட்டினார். கடைசியில் தீனி போட முடியாத பறவைகள் மட்டும் மிச்சம். பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்தால் அவருக்கு இன்றும் கோபம்தான் வரும். அப்படிப்பட்ட மண்ணில் நான் கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. மெஷின் விற்பவர்கள் யாரிடமும் நான் காசு வாங்கியதில்லை. ஆனால் நான் மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்த ஒரு பரிசோதனைக் கூடம், ஒரு மாதிரிக்கு முந்நூறு ரூபாய் வீதம் மாதக் கடைசியில் என் கணக்கில் போட்டுவந்தது. நான் கேட்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள், தொழிலில் இது வழக்கம். இந்த மூன்று சமாதானங்களையும் மனதுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். காரிமங்கலத்துக்காரரின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. காபி போட்டுக் கொடுத்த பிறகு உள்ளதைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? தரகர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார். விலை வெளியே தெரியாது. ஆனால் அவர் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறார் என்பது சந்தைக்கு வந்த சின்னப் பையனுக்கும் தெரியும். அது தெரிந்தே மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறோம். நீங்கள் துண்டே இல்லாத மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்றார்.

வேலை எதுவும் கொடுக்காமல் போய்விட்டார். ஊறுகாய் பாட்டிலை மட்டும் வைத்துவிட்டுப் போனார். நல்ல ஊறுகாய், உப்பு கொஞ்சம் கூடுதல்.

அன்று இரவு எனக்குத் தொழிற்சாலை நாட்கள் நினைவுக்கு வந்தன. வந்த பழத்தில் இனிப்பு குறைவு என்று நான் எழுதினால் வியாபாரிகள் சண்டைக்கு வருவார்கள். கம்பெனிக்காரி கம்பெனிக்குச் சாதகமாகத்தான் எழுதுவாள் என்பார்கள். முதல் இரண்டு சீசன் முழுக்க வாய்ச் சண்டை. மூன்றாவது சீசனில் ஒரு நாள் சலித்துப்போய், இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைத் தூக்கி ஒருவரிடமே கொடுத்துவிட்டேன். டார்ச் லைட் அளவுக்குத்தான் இருக்கும். கண்ணாடியில் இரண்டு சொட்டு சாறு விட்டு, மூடியை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்தான் பிரிக்ஸ், இனிப்பின் அளவு. "பழத்தை நீங்களே எடுங்கள், நீங்களே பிழியுங்கள், நீங்களே பாருங்கள்" என்றேன். அவர் பார்த்தார். லாரியின் அடியிலிருந்து இன்னொரு பழம் எடுத்து மறுபடி பார்த்தார். பிறகு பேசாமல் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த வாரம் இன்னொரு வியாபாரி வந்து, "அந்தக் குழாயைக் கொடுங்கள் மேடம்" என்று அவராகவே கேட்டார். என்னை யாரும் அதற்குப் பிறகும் நல்லவள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

இணையத்தில் நான் இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டிருந்தேன். என்னை நம்புங்கள், நம்புங்கள் என்று கத்திக்கொண்டிருந்தேனே தவிர, பார்ப்பவர் கையில் கொடுக்க ஒரு குழாய்கூட இல்லை.

மறுநாள் முதல் வேலையாகப் பரிசோதனைக் கூடத்தைக் கூப்பிட்டு, என் பங்கை வாடிக்கையாளர் பில்லிலேயே கழித்துவிடுங்கள் என்றேன். "எல்லாக் கன்சல்டன்ட்டும் வாங்குகிறார்களே மேடம், நீங்கள் மட்டும் ஏன்?" என்று கேட்டார்கள். பில்லைக் குறைக்க மறுத்துவிட்டார்கள். வேறு கூடத்தைத் தேட இரண்டு மாதம் ஆனது. இதையும் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்: ஒரு கூடத்துக்கு என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்றால் எல்லாப் பரிசோதனைக்கும் இருக்கிறது என்று பொருளில்லை. எந்தெந்தப் பொருளுக்கு, எந்தெந்தச் சோதனைக்கு என்று பட்டியலே உண்டு. குடிநீருக்கு அங்கீகாரம் வாங்கிய கூடம் ஊறுகாய்க்கு வாங்கியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை என்ஏபிஎல் தளத்தில் யாரும் பார்க்கலாம். ஆலோசகர் ஒரு குறிப்பிட்ட கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்தால் ஏன் என்று கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கண்ணாடிக் கட்டடத்தை எடுத்தேன். அந்த இடத்தில் என் மேசையின் படத்தைப் போட்டேன். அரிசி மூட்டையை மட்டும் நகர்த்திவிட்டு எடுத்தது, அந்த அளவு அழகுணர்ச்சி எனக்கும் உண்டு. என்ன படித்தேன், எந்த மாதிரித் தொழிற்சாலையில் எத்தனை ஆண்டு என்ன வேலை பார்த்தேன், எது எனக்குத் தெரியாது என்று எழுதினேன். பால் பொருள், இறைச்சி இரண்டையும் நான் தொடுவதில்லை. இந்த வரியைப் படித்துவிட்டு வேலை கொடுத்தவர்கள் சிலர். "தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் மற்றது தெரியும் போலிருக்கிறது" என்று பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர் சொன்னார். கடைசியாக, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை, என் வருமானம் வாடிக்கையாளர் தரும் கட்டணம் மட்டுமே என்று நான்கு வரி. கட்டணத்தையும் கீழே பட்டியலாகப் போட்டேன்.

கட்டணத்தைப் போட்டதற்குத்தான் அதிக எதிர்ப்பு. கணவர் முதல் ஆள். "பேரம் பேச இடம் இல்லாமல் யாராவது கடை போடுவார்களா?" என்றார். இதே தொழிலில் இருக்கும் தோழி, மற்றவர்கள் நூறு ரூபாய் குறைத்துப் போட்டு ஆளை இழுத்துக்கொள்வார்கள் என்றாள். அவள் சொன்னது நடந்தது, சிலர் போனார்கள். ஆனால் "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று நான் சொன்ன காலத்தில், ஆளைப் பார்த்து விலை சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்போது என்னிடம் நிலையான கட்டணம் இல்லை என்பதால், அந்த நினைப்பு சரியும்கூட. முதல் ஆலோசனை இலவசம் என்று போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். சும்மா கிடைப்பதைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு அடி பின்னால் நகர்வார்கள்.

அதிகம் கைகொடுத்தது ஒரு நூறு ரூபாய் விஷயம். அப்போது ஆண்டு விற்றுமுதல் 12 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு போதும். அதற்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 2020இல் வந்த ஃபோஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்றோடு யாரும் விண்ணப்பிக்கலாம். இதற்கு மூவாயிரம், ஐயாயிரம் என்று வாங்குகிறவர்கள் இருந்தார்கள். நானும் ஆயிரத்தைந்நூறு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனைச் சம்படத்தில் சாய்த்து வைத்து, எந்தப் பெட்டியில் என்ன நிரப்புவது என்று பதினெட்டு நிமிடம் பேசிக் காணொளியாகப் போட்டேன். பின்னணியில் குக்கர் விசில் இரண்டு முறை கேட்கும். 'நூறு ரூபாய்தான், நீங்களே செய்துகொள்ளுங்கள், என்னிடம் வர வேண்டாம்' என்பதே அதன் தலைப்பு.

பதிவு வேலை அத்தோடு என்னை விட்டுப் போயிற்று. மாதம் ஆறேழு வந்துகொண்டிருந்தது, ஒன்றிரண்டானது. நான்கு மாதம் கழித்துத்தான் வேறு மாதிரி அழைப்புகள் வரத் தொடங்கின. "அந்தக் காணொளியைப் பார்த்து நானே பதிவு செய்துவிட்டேன் அக்கா. இப்போது லேபிளில் ஒரு சந்தேகம்." லேபிள்தான் உண்மையில் தலைவலி பிடித்த வேலை. உட்பொருள்களை எடை அதிகமுள்ளதிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும். 14 இலக்கப் பதிவு எண், சைவக் குறி, ஒவ்வாமைப் பொருள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அச்சடித்த பத்தாயிரம் பவுச்சைக் குப்பையில் கொட்டியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பதிவு எண் என்பது தரத்துக்கு அரசு தந்த நற்சான்று இல்லை என்பதையும் அந்தக் காணொளியில் சொல்லியிருந்தேன். அதில் எனக்கு வந்த வசவுகளும் கொஞ்சமில்லை. பெரும்பாலும் சக ஆலோசகர்களிடமிருந்து.

இரண்டு நாளில் ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கித் தருவேன் என்கிறவர்களைப் பற்றி ஒரே வரி: ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலைகளை வெளியிடுவதோடு சரி, அது யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை, தருகிறவர்கள் வேறு நிறுவனங்கள், அவர்களுக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று என்னைப் பெரிதாக அடித்தது. ஓசூரிலிருந்து ஒரு பெண், ரோஜா குல்கந்து செய்கிறவர், எல்லாம் பேசி முடித்து முன்பணம் அனுப்பப்போனார். பிறகு சத்தமே இல்லை. இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். "க்யூஆர் கோடைக் காட்டினால் யாரோ ஓர் ஆண் பெயர் வந்தது மேடம். பயமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்" என்றார். அது என் கணவரின் கணக்கு. வீட்டுக்குள் யார் கணக்காக இருந்தால் என்ன என்று நாங்கள் நினைத்திருந்தோம். திரையில் தெரியாத பெயரைப் பார்ப்பவருக்கு அது மோசடியின் முதல் அடையாளம். அவர் செய்தது சரி. அந்த வாரமே தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கினேன். இப்போது தளத்தில், பில்லில், க்யூஆர் கோடில், வாட்ஸ்அப்பில் நான்கிலும் ஒரே பெயர். சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பதால் என்னிடம் அந்த எண் இல்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எண்ணைப் போட்டிருக்கிறேன். அதற்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை, அதற்கும் காசு கேட்கும் தளங்கள் உண்டு, ஜாக்கிரதை.

நட்சத்திர மதிப்பீடு பற்றிச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆரம்பத்தில் என் பக்கத்தில் ஏழு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். ஏழு பேரில் ஐந்து பேர் என் திருமணத்துக்கு வந்தவர்கள். 2022இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்கள் வந்தன. பாராட்டுகிறவருக்கும் விற்கிறவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் இணைய மதிப்பீடுகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டது. பெரிய விற்பனைத் தளங்களை மனதில் வைத்து எழுதியது அது, கட்டாயமும் இல்லை. படித்தபோது எனக்கு என் சின்ன மாமியார் போட்ட ஐந்து நட்சத்திரம்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். சின்ன மாமியாருக்கு வருத்தம். "நான் உண்மையாகத்தானே போட்டேன், நீ நல்ல பெண்தானே" என்றார்.

இப்போது பாராட்டு எழுதித் தரச் சொல்லி யாரையும் கேட்பதில்லை. புதிதாக வருபவர் விரும்பினால், முன்பு என்னோடு வேலை செய்தவர்களில் சம்மதம் தந்தவரின் எண்ணைக் கொடுக்கிறேன். நான் இல்லாதபோது பேசிக்கொள்ளட்டும். அந்தச் சம்மதத்தையும் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் கொடுக்கிறேன். ஒரு சமயம் கேட்காமல் நடந்த ஒரு காரியத்தால் ஒருவரை இழந்தேன். சந்தூர்ப் பக்கம் ஒரு சிறிய ஜாம் தயாரிப்புக் கூடத்துக்குப் போனபோது எடுத்த படத்தைப் பெருமையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். இரவு பத்து மணிக்கு உரிமையாளர் கூப்பிட்டார். "என் கொப்பரை எத்தனை லிட்டர் என்று ஊருக்கே காட்டிவிட்டீர்கள்" என்றார். அழித்தேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி வரவில்லை. எங்கள் தொழிலில் ஊறுகாய்க்காரர் பக்குவத்தைச் சொல்லமாட்டார், சொல்லாமல் லேபிள் எழுத முடியாது. அவர் வாயைத் திறக்க வேண்டுமென்றால் என் செல்போன் பையிலேயே இருக்க வேண்டும்.

கம்பு விவகாரத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தருமபுரிப் பக்கம் ஒருவர் கேழ்வரகு, சாமை, கம்பு சேர்த்துச் சத்துமாவு போட ஆரம்பித்தார். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டு. எங்கு பார்த்தாலும் சிறுதானியப் பேச்சு. எத்தனை மாதம் இருக்கும் என்று கேட்டார். ஆறு மாதம் போடலாம் என்று சொன்னேன். இரண்டாவது மாதம் முடிவதற்குள் மாவில் சிக்கு வாடை. கடைகளிலிருந்து பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தவறு என்னுடையது. பெரும்பாலான தானியங்களைவிடக் கம்பில் கொழுப்பு கூடுதல். அரைத்தவுடன் அதிலுள்ள நொதிகள் அந்தக் கொழுப்பை உடைக்க ஆரம்பித்துவிடும். கம்பு மாவு சீக்கிரம் கசந்துபோகும் என்பது எங்கள் பாட்டிக்குத் தெரியும். அதனால்தான் அவ்வப்போது இடித்துக்கொண்டார்கள். எனக்கும் தெரியும். கம்பை நன்றாக வறுத்துத்தான் அரைக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. அவர் வறுக்கவே இல்லை. பாக்கெட்டை அறை வெப்பத்தில் வைத்து மாதாமாதம் சோதிக்கவும் சொல்லவில்லை. ஆறு மாதம் என்பது மாங்கூழில் ஊறிப்போன என் வாயிலிருந்து வந்த எண்.

கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நட்டம் அதைவிடப் பல மடங்கு. அதை என்னால் கொடுக்க முடியவில்லை. அவர் அனுமதியோடு, பெயரும் ஊரும் சொல்லாமல், என்ன நடந்தது என்று தளத்தில் எழுதினேன். படித்துவிட்டு, பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் விலகினார்கள். தோழி, "உனக்குப் பைத்தியமா? எந்த டாக்டராவது வாசலில் இப்படி எழுதி வைப்பாரா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆனால் அன்று முதல் கம்பு, கேழ்வரகு மாவுக்காரர்கள் வரும்போது, "அந்தக் கம்பு மாதிரி ஆகிவிடக் கூடாது அக்கா" என்றே பேச்சைத் தொடங்குகிறார்கள். வறுக்கிறீர்களா என்று நான் கேட்பதற்கு முன் எத்தனை நிமிடம் வறுக்கிறோம் என்று சொல்லிவிடுகிறார்கள். விளம்பரமாக அந்தப் பதிவு லாபமா நட்டமா என்று கணக்குப் போட்டதில்லை. வேலை சுலபமாகியிருக்கிறது, அது தெரியும்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் 2024 ஜூன் வந்தது. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துச் செய்யும் சாற்றுக்கு '100 சதவீதப் பழச்சாறு' என்று லேபிளிலும் விளம்பரத்திலும் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. அப்படி மாம்பழச் சாறு தயாரிக்கும் ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, பழைய லேபிளை நிறுத்துங்கள், தளத்திலும் எடுத்துவிடுங்கள் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். அரை மணி நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். என் சொந்தத் தளத்தின் ஏதோ ஒரு பழைய பக்கத்தின் அடியில், அக்காள் மகன் எழுதிய '100 சதவீத உத்தரவாதம்' அப்படியே உட்கார்ந்திருந்தது. "நீங்கள் மட்டும் போடலாமா மேடம்?" என்று கேட்டிருந்தார். ஒரு சிரிப்புப் பொம்மையும் இருந்தது, நல்லவேளை.

காரிமங்கலத்துக்காரர் அந்த 2021 மார்கழியில் திரும்ப வந்தார். தளத்தில் நான் எழுதிய நான்கு வரியை அவருடைய மருமகள் படித்துக் காட்டியிருக்கிறார். தார்ப்பாய்க்குள் இருந்த மெஷினைத் தக்காளித் தொக்கு போடும் ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்க முடிந்தது. அந்த விற்பனையில் இரண்டு பக்கமும் நான் பேசினேன். எனக்கு ஒரு கமிஷனும் இல்லை என்று இருவரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அவருக்குக் கையால் நிரப்பும் சாதாரணக் கருவியே போதுமாக இருந்தது.

கூகுள் வரைபடத்தில் என் வீட்டைச் சரியான இடத்தில் குறித்து வைத்தது, இத்தனைக்கும் நடுவில் ஐந்து நிமிட வேலை. முன்பு அந்தக் குறி கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாப் பக்கம் எங்கோ இருந்தது. சரி செய்த பிறகு யாரும் அதைப் பார்த்து வந்ததாக எனக்குத் தெரியவில்லை. போன மாதம் தெருமுனை மளிகைக்கடைக்குச் சர்க்கரை வாங்கப் போனேன். கடைக்கார அண்ணன் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களைக் கேட்டுக்கொண்டு அடிக்கடி யாராவது வருகிறார்கள் அம்மா. வண்டியை இங்கே நிறுத்தி, அந்த வீட்டில் உண்மையிலேயே அந்த மேடம் இருக்கிறாரா, எத்தனை வருடமாக இருக்கிறார், ஆள் எப்படி என்று விசாரிக்கிறார்கள். வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். இந்த மாதம் மட்டும் மூன்று பேர்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள் அண்ணா?"

"இருக்கிறார், சர்க்கரைக்குக்கூடக் கடன் வைக்கமாட்டார் என்றேன்." சில்லறையை எண்ணிக் கையில் வைத்தார். "ஆளுக்கு ஒரு டீ காசாவது எனக்குக் கமிஷன் தரக் கூடாதா?"